ஜெர்மனி வந்தாச்சு, வீட்டுக்காரர் பதிவுக் கடிதம் தர மறுக்கிறார். எந்தக் காகிதத்தை முதலில் பிடிப்பது?

வேப்பமரத்தடி:
வணக்கம் மக்களே. ப்ளூ கார்டு (படித்த வெளிநாட்டவருக்கான வேலை அனுமதி) வேலையில் இந்த மாதம்தான் ஜெர்மனி வந்தேன். இப்போதைக்கு ஒரு ஃபர்னிஷ்டு அறையில் இருக்கிறேன், இரண்டு மாத ஒப்பந்தம். அன்மெல்டுங்குக்காக, அதாவது முகவரிப் பதிவுக்காக, வீட்டுக்காரரிடம் கடிதம் கேட்டால், "இந்த அறைக்கு அதெல்லாம் கிடையாது" என்கிறார். அலுவலகத்தில் எச்ஆர் தினமும் ஷ்டொயர் ஐடி (வரி எண்) கேட்கிறார், வங்கி முகவரிச் சான்று கேட்கிறது, எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஒரு நண்பன் தன் வீட்டு முகவரியில் பதிந்துகொள்ளச் சொல்கிறான். இன்னொரு பக்கம் மனைவி திருச்சியில், ஐந்தாம் மாதம். விசா வந்ததும் இங்கே வந்துவிடுவாள், பிரசவமும் இங்கேதான். திருமணச் சான்றிதழுக்கும் எங்கள் இருவரின் பிறப்புச் சான்றிதழுக்கும் அப்போஸ்டில் (ஆவணம் வெளிநாட்டில் செல்ல அரசு குத்தும் முத்திரை) வாங்கித் தருகிறேன் என்று சென்னையில் ஓர் ஏஜெண்ட் நல்ல தொகை கேட்கிறார். கொடுக்கலாமா? என் பாஸ்போர்ட்டில் சர்நேம் காலி, என் பெயரும் அப்பா பெயரும் சேர்ந்து கிவன் நேமில் இருக்கிறது. இதனால் பின்னால் சிக்கல் வருமா? எதை முதலில் செய்வது என்று வரிசையாகச் சொன்னால் நல்லது.

சித்ரா ஷ்டுட்கார்ட்:
வாழ்த்துகள், முதலில் நிதானமாக மூச்சு விடுங்கள். இந்த ஊரில் எல்லாக் காகிதத்துக்கும் தாய்க்காகிதம் அந்த முகவரிப் பதிவுதான். குடிபுகுந்த நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும் என்பது சட்டம். டெர்மீன், அதாவது அலுவலகம் போக நேர முன்பதிவு, கிடைக்கவில்லை என்றால் அதற்காக யாரும் உடனே அபராதம் போட்டு நான் பார்த்ததில்லை. முன்பதிவு செய்து வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட் இருந்தால் போதும், ஆனால் முயற்சியே செய்யாமல் மாதக்கணக்கில் விட்டால் 1000 யூரோ வரை போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது.

வீட்டுக்காரர் சொல்வது தவறு. வோனுங்ஸ்கேபர்பெஷ்டேட்டிகுங் என்று வாய்க்குள் நுழையாத பெயர் கொண்ட அந்தக் கடிதம் 2015 நவம்பர் 1 முதல் கட்டாயம். வீடு கொடுத்தவர் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், அது அவருடைய கடமை, உங்களுக்குச் செய்யும் உபகாரம் அல்ல. தராவிட்டால் அபராதம் அவருக்கும் உண்டு. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டிச் சமாளிக்கலாம் என்று நினைக்காதீர்கள், இந்தக் கடிதத்துக்குப் பதில் ஒப்பந்தம் ஆகாது. அவர் பெயரும் முகவரியும், வேறொருவர் உரிமையாளர் என்றால் அந்தப் பெயர், வீட்டின் முகவரி, குடிபுகுந்த தேதி, குடிபுகும் அத்தனை பேரின் பெயர், இவ்வளவுதான் அதில் இருக்கும். ஒரே பக்கம். உங்கள் நகராட்சியின் தளத்தில் படிவம் இருக்கும், அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுங்கள். பாதிப் பேர் மறுப்பது அது என்ன என்று தெரியாத பயத்தில்தான்.

ரயில்பூச்சி:
மீதிப் பாதி மறுப்பது வாடகை வருமானத்தைக் கணக்கில் காட்டாததால் அக்கா :) அல்லது அவரே வாடகைக்கு இருந்துகொண்டு உரிமையாளருக்குத் தெரியாமல் உள்வாடகைக்கு விட்டிருப்பார்.

சித்ரா ஷ்டுட்கார்ட்:
அதுவும் சரிதான். ஆனால் உள்வாடகைக்கு விட்டவரும் சட்டப்படி வீடு கொடுத்தவர்தான், அவரே கையெழுத்துப் போடலாம். மறுக்கிறார் என்றால் பதிவு அலுவலகத்திடம் உடனே தெரிவிக்க வேண்டும் என்று அதே சட்டப் பிரிவு சொல்கிறது. எழுத்தில் ஒரு மின்னஞ்சல் போடுங்கள், "கேட்டேன், தரவில்லை" என்று. அப்புறம் அலுவலகம் அவரைக் கேட்கும். பல சமயம் "அலுவலகத்துக்குத் தெரிவிக்கப் போகிறேன்" என்று பணிவாகச் சொன்னவுடனே கடிதம் வந்துவிடும்.

ஹலோகைஸ்_கோவை:
இதுக்கு ஏன் ப்ரோ இவ்வளவு யோசனை? நண்பன் முகவரியிலே போட்டுடுங்க. நாங்க எல்லாரும் அப்படித்தான் ஆரம்பிச்சோம். வேற வீடு கிடைச்சதும் மாத்திக்கலாம், முடிஞ்சது கதை.

நல்லூரான்:
தம்பி, அப்படிச் சொல்லிக் கொடுக்காதையுங்கோ. நான் இங்கே 80களில் வந்தவன், அந்த நாளில் ஒரே முகவரியில் பத்துப் பேர் பதிந்திருந்த கதையெல்லாம் எனக்கும் தெரியும். இப்போது சட்டம் வேறு. குடியிருக்காத ஒருவருக்குப் பதிவுக்காக மட்டும் முகவரி கொடுத்தால், கொடுத்தவருக்கு 50,000 யூரோ வரை தண்டம் போடலாம் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். 50,000 முழுதும் போடுவார்களா என்பது வேறு விஷயம். உங்கட நண்பனைக் கொண்டுபோய் அந்த இடத்தில் நிறுத்துவீர்களா?

இன்னொன்று, அது இன்னும் பெரிய பிரச்சினை. இந்த நாட்டில் அரசாங்கக் கந்தோர்க் கடிதம் எல்லாம் பதிந்த முகவரிக்குத்தான் போகும். வரி இலக்கமும் அந்தப் பெட்டிக்குத்தான் வரும். இங்கே பெரும்பாலான கட்டடங்களுக்குள் வீட்டுக்கு வீடு கதவு இலக்கம் என்று ஒன்று கிடையாது, தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் "ஆள் இல்லை" என்று திருப்பி அனுப்பிவிடுவார். அதுதான் எல்லாச் சோலிக்கும் தொடக்கம். நண்பனுடைய வீட்டில் உண்மையாகவே போய்த் தங்குங்கோ, அவன் உரிமையாளரிடம் கேட்டு எழுதித் தரட்டும், பெட்டியில் உங்கட பெயரை ஒட்டுங்கோ, அது முழுக்க நேர்மையான பதிவு. தங்காமல் பெயருக்குப் போடுவதுதான் பிழை.

ஹலோகைஸ்_கோவை:
50,000 ஆ?! சரிண்ணே, விலகிக்கறேன்.

மாணவி_டார்ம்ஷ்டாட்:
பணத்துக்கு "அன்மெல்டுங் முகவரி" விற்கும் டெலிகிராம் குழுக்கள் நிறைய இருக்கின்றன, எங்கள் பல்கலைக்கழகக் குழுவிலும் அடிக்கடி வந்து விழும். யாரும் போய்ச் சிக்காதீர்கள். மாணவர்களுக்கு இது எப்படி உதைக்கும் என்றால், ப்ளாக்டு அக்கவுண்டில் (ஓராண்டுச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு முடக்கி வைக்கும் கணக்கு) 11,904 யூரோ போட்டுவிட்டு வருவோம், மாதம் 992 வீதம் விடுவிக்க இங்கே ஒரு சாதாரண வங்கிக் கணக்கு வேண்டும், சில வங்கிகள் கணக்குக்கு முகவரிப் பதிவைக் கேட்கும். ஆக, வீடில்லாதவனுக்குக் கையில் தன் பணமே இல்லை. பாஸ்போர்ட் மட்டும் வைத்துக் கணக்குத் திறக்கும் வங்கிகளும் உண்டு, வீடு கிடைக்கும்வரை அதில் ஓட்டலாம்.

வேப்பமரத்தடி:
எல்லோருக்கும் நன்றி. நண்பன் வீட்டில் தங்க இடமில்லை, அதனால் அந்த யோசனையை விட்டுவிட்டேன். வீட்டுக்காரருக்குப் படிவத்தோடு மின்னஞ்சல் போட்டிருக்கிறேன். எச்ஆர் சொல்கிறார், ஐடி இல்லாவிட்டால் ஆறாம் வரி வகுப்பில், அதாவது அதிகம் பிடிக்கும் வகுப்பில், வரி பிடிப்பார்களாம், சம்பளத்தில் கிட்டத்தட்ட பாதி போய்விடும் என்று பயமுறுத்துகிறார். உண்மையா?

கணக்குப்பிள்ளை:
பாதி என்பது பயமுறுத்தல், ஆனால் ஆறாம் வகுப்பு கடுமையானதுதான். உங்கள் தவறால் தாமதம் இல்லை என்றால் முதல் மூன்று மாதம் வரை தற்காலிகமாகச் சரியான வகுப்பிலேயே கணக்குப் போட நிறுவனத்துக்குச் சட்டம் இடம் தருகிறது. வருமான வரிச் சட்டம் 39சி. எச்ஆரிடம் இந்தப் பிரிவைச் சொல்லிப் பாருங்கள், சம்பளக் கணக்குப் போடும் வெளி நிறுவனத்துக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். அப்படியே அதிகம் பிடித்துவிட்டாலும் ஐடி வந்தபின் சரிசெய்வார்கள், இல்லையென்றால் அடுத்த ஆண்டு வரிக் கணக்குத் தாக்கலில் திரும்பும். பணம் தொலையாது, தாமதமாகும்.

ஐடிக்குத் தனியாக விண்ணப்பம் கிடையாது. முகவரி பதிந்தால் மத்திய வரி அலுவலகம் தானே 11 இலக்க எண்ணைத் தபாலில் அனுப்பும், இரண்டு மூன்று வாரம் ஆகலாம். போனில் சொல்ல மாட்டார்கள், மின்னஞ்சலிலும் தர மாட்டார்கள். அவசரம் என்றால் உங்கள் பகுதி வரி அலுவலகமான ஃபினான்ஸாம்டுக்குப் பாஸ்போர்ட்டுடன் நேரில் போய்க் கேட்கலாம், சில இடங்களில் அச்சிட்டுத் தருகிறார்கள்.

மனைவி இந்தியாவில் இருக்கும்வரை உங்களுக்கு முதல் வகுப்புதான். அவர் வந்து பதிந்ததும் இருவருக்கும் நான்கு. அவர் வேலைக்குப் போகவில்லை என்றால் 3, 5 என மாற்ற விண்ணப்பிக்கலாம், மாதக் கைச்சம்பளம் நன்றாகவே கூடும். ஆனால் இது நடக்க நீங்கள் திருமணமானவர் என்று பதிவு அலுவலகத்தின் கணினியில் ஏற வேண்டும். அதனால் முதல் முறை போகும்போதே திருமணச் சான்றிதழை எடுத்துக்கொண்டு போங்கள்.

திருச்சி_மலைக்கோட்டை:
கோயிலில் தந்த ரசீதோ கல்யாண மண்டபப் பில்லோ இல்லை, சார்பதிவாளர் அலுவலகச் சான்றிதழ். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி எந்த மதமானாலும் திருமணத்தைப் பதிந்தே ஆக வேண்டும், 90 நாளுக்குள். பதியாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள், விசா நேரத்தில்தான் ஓடுகிறார்கள். அதிலுள்ள பெயர்கள் பாஸ்போர்ட்டோடு எழுத்துக்கு எழுத்துப் பொருந்துகிறதா என்று இப்போதே பாருங்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் இனிஷியல்தான் போட்டுத் தருவார்கள்.

சித்ரா ஷ்டுட்கார்ட்:
ஏஜெண்ட் விஷயத்துக்கு வருவோம். அப்போஸ்டிலுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அந்த முத்திரையை நாடுகள் ஏற்பதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் இந்தியா 2005ல் சேர்ந்தது. ஆனால் இந்தியா சேர்ந்ததற்கு ஜெர்மனி ஆட்சேபம் தெரிவித்திருக்கிறது, அதனால் இந்த இரண்டு நாட்டுக்கும் இடையில் அந்த முத்திரைக்கு மதிப்பு இல்லை. வேறு பல நாடுகளுக்குப் போகிறவர்களுக்கு அது உதவும், ஏஜெண்டுகள் எல்லோருக்கும் ஒரே பட்டியலை நீட்டுகிறார்கள்.

சரி, அதற்குப் பதிலாக என்ன? தூதரகம் முத்திரை குத்தித் தரும் பழைய முறையையும் இந்திய ஆவணங்களுக்கு நிறுத்திவிட்டார்கள். இங்கே உள்ள அலுவலகத்துக்குச் சந்தேகம் இருந்தால், அது இந்தியாவிலுள்ள ஜெர்மன் தூதரகம் வழியாக ஆவணச் சரிபார்ப்பு கேட்கும். தமிழ்நாட்டு ஆவணம் என்றால் சென்னையிலுள்ள துணைத் தூதரகம். அவர்கள் நம்பும் வழக்கறிஞர் ஒருவர் பதிவேட்டைப் போய்ப் பார்ப்பார், சமயத்தில் வீட்டுக்கும் வந்து விசாரிப்பார். செலவு உங்கள் தலையில். மாதக்கணக்கில் ஆகும். முக்கியமாக, இதை நீங்களாகப் போய்க் கேட்க முடியாது, ஜெர்மன் அலுவலகம்தான் கேட்க வேண்டும்.

எல்லா அலுவலகமும் கேட்காது. முகவரிப் பதிவில் பெரும்பாலும் சான்றிதழைப் பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்வார்கள், மருத்துவக் காப்பீட்டிலும் அப்படியே. கறாராக இருப்பது ஷ்டாண்டஸாம்ட், அதாவது பிறப்பு, திருமணம், இறப்பு பதியும் அலுவலகம். உங்கள் வீட்டில் பிரசவம் இங்கே என்பதால் அதுதான் உங்களுக்கு முக்கியம்.

ரயில்பூச்சி:
பின்தொடர்கிறேன். எங்களுக்கும் ஜூலையில்.

மூன்றாம்மாடி_அம்மா:
என் பெண் இங்கே பிறந்தவள், அதனால் இதில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். குழந்தை பிறந்து ஒரு வாரத்துக்குள் அலுவலகத்துக்குத் தகவல் போக வேண்டும், அதை மருத்துவமனையே செய்துவிடும். அதன்பிறகு அலுவலகம் பெற்றோர் இருவரின் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பாஸ்போர்ட் கேட்கும். இதைப் பிரசவத்துக்கு முன்பே, ஏழாம் மாதத்திலேயே, நீங்கள் பெறப்போகும் ஊரின் ஷ்டாண்டஸாம்டுக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்டு வையுங்கள். நீங்கள் வாழும் ஊர் இல்லை, மருத்துவமனை இருக்கும் ஊர். இது நிறையப் பேருக்குத் தெரியாது.

தமிழ்நாட்டுப் பிறப்புச் சான்றிதழில் எங்கள் தலைமுறைக்கு ஒரு பொதுவான குறை உண்டு. பெயர் கட்டம் காலியாக இருக்கும். பிறந்த உடனே பதிவார்கள், அப்போது பெயர் வைத்திருக்க மாட்டார்கள், அப்புறம் பள்ளிச் சான்றிதழே போதும் என்று விட்டுவிடுவார்கள். பெயரில்லாத சான்றிதழைக் கொண்டுபோய் நீட்டினால் இங்கே உள்ள அதிகாரி "இது யார்?" என்றுதான் கேட்பார். உங்கள் மனைவி ஊரில் இருக்கும்போதே மாநகராட்சியிலோ ஊராட்சியிலோ போய்ப் பெயரைச் சேர்த்துப் புதுப் பிரதி வாங்கட்டும். உங்களுடையதையும் சேர்த்து. இங்கே வந்தபின் அப்பாவை அலையவிடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சரிபார்ப்பு முடியாதவரை முழுமையான பிறப்புச் சான்றிதழ் தர மாட்டார்கள், "பெற்றோரின் அடையாளம் நிரூபிக்கப்படவில்லை" என்ற குறிப்போடு பதிவேட்டின் சான்றளித்த பிரதியைத் தருவார்கள். பார்த்தவுடன் மனசு கஷ்டப்படும், ஆனால் சட்டப்படி அதுவும் செல்லும். அதை வைத்தே அரசு தரும் குழந்தைப் பணத்துக்கும் (பிள்ளை வளர்ப்புக்கான மாத உதவி) பெற்றோர் பணத்துக்கும் (பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேலையை நிறுத்தும் அல்லது குறைக்கும் பெற்றோருக்கான உதவி) விண்ணப்பியுங்கள். நல்ல சான்றிதழ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஏனென்றால் குழந்தைப் பணம் விண்ணப்பத்துக்கு முந்தைய ஆறு மாதத்துக்குத்தான் பின்னோக்கித் தருவார்கள், பெற்றோர் பணம் மூன்று மாதத்துக்குத்தான். 2025ல் குழந்தைப் பணம் மாதம் 255 யூரோ, விட்டுக்கொடுக்கிற தொகையா அது?

இன்னும் இரண்டு கெடு. குழந்தைக்குப் பிறந்து ஆறு மாதத்துக்குள் இங்கே தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தியத் தூதரகத்தில் பிறப்பை ஓராண்டுக்குள் பதிய வேண்டும், தாண்டினால் டெல்லியின் அனுமதி என்று இழுக்கும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தோடு இதையும் முடித்துவிடுங்கள்.

வேப்பமரத்தடி:
அக்கா, கோடி நன்றி. மனைவியின் சான்றிதழில் நீங்கள் சொன்னபடியே பெயர் இல்லை! நாளைக்கே மாமனாரை அனுப்புகிறேன். சர்நேம் காலியாக இருப்பதற்கு யாராவது பதில் சொல்லுங்களேன்.

கணக்குப்பிள்ளை:
இது தமிழனுக்கென்றே எழுதி வைத்த வேதனை. உங்கள் பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரி இயந்திர எழுத்து இருக்கும், பாருங்கள். சர்நேம் காலி என்றால் உங்கள் பெயர் முழுவதும் அங்கே குடும்பப்பெயர் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். இங்கே உள்ள கணினி அதைத்தான் படிக்கும். ஆகவே முருகன் கந்தசாமி என்று ஒருவர் இருந்தால் "குடும்பப்பெயர்: முருகன் கந்தசாமி, முதற்பெயர்: -" என்று பதிவாகும். வங்கியோ காப்பீட்டு நிறுவனமோ முதற்பெயர் கட்டத்தைக் காலியாக விட முடியாது என்று அடம்பிடிக்கும், ஒருவர் முருகன் என்று நிரப்புவார், இன்னொருவர் கோடு போடுவார், மூன்றாமவர் பெயரை இரண்டு தடவை எழுதுவார். அப்புறம் காப்பீட்டில் ஒரு ஆள், வரி அலுவலகத்தில் ஒரு ஆள், சம்பளச் சீட்டில் ஒரு ஆள்.

என் யோசனை: தூதரகத்தில் புது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து, உங்கள் பெயர் கிவன் நேமிலும் அப்பா பெயர் சர்நேமிலும் வருமாறு பிரித்துவிடுங்கள். குழந்தை பிறப்பதற்கு முன் செய்தால் குழந்தையின் பெயரும் ஒழுங்காக வரும்.

சித்ரா ஷ்டுட்கார்ட்:
இதில் நான் உடன்பட மாட்டேன். விசா, வேலை ஒப்பந்தம், டிகிரி மதிப்பீடு எல்லாம் பழைய பெயரில் இருக்கிறது. நடுவில் பாஸ்போர்ட் மாறினால் ஒவ்வொரு இடத்திலும் "இரண்டும் ஒரே ஆள்தான்" என்று நிரூபிக்க வேண்டும். புது பாஸ்போர்ட் எண்ணைத் தங்கும் அனுமதி அட்டையோடு சேர்க்க இன்னொரு டெர்மீன். அது கிடைக்கவே மாதங்கள். முதல் வருடம் அப்படியே ஓட்டுங்கள். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுதச் சொல்லிப் பிடிவாதம் பிடியுங்கள். பாஸ்போர்ட் புதுப்பிக்கும் காலம் வரும்போது பிரித்துக்கொள்ளலாம்.

நல்லூரான்:
பிள்ளை வரப்போகுது என்பதை மறந்துவிட்டீர்கள். தகப்பனுக்கு முதற்பெயர் கோடு என்றால் பிள்ளையின் பதிவில் தகப்பன் பெயர் அப்படியே ஏறும், பிள்ளைக்குக் குடும்பப்பெயர் எது என்று அங்கே அதிகாரியோடு மல்லுக்கட்ட வேண்டிவரும். எங்கட ஆட்களின் பிள்ளைகள் சிலருக்குப் பேரப்பிள்ளை காலம்வரை இந்தக் குழப்பம் ஓடுது. நான் கணக்குப்பிள்ளை பக்கம். ஆனால் மனைவி வருவதற்கு முன் முடியுமென்றால் மட்டும்.

ஒன்று சொல்ல வேண்டும், 2025 மே முதல் இங்கே பெயர்ச் சட்டம் மாறியிருக்கு. முன்பு வெளிநாட்டவருக்கு அவரவர் நாட்டுச் சட்டப்படி பெயர், இப்போது வாழும் நாட்டுச் சட்டம்தான் முதலில் பார்ப்பது, விரும்பினால் சொந்த நாட்டுச் சட்டத்தைத் தெரிவு செய்யலாம். தகப்பன் பெயரைப் பிள்ளைக்கு வைக்கும் எங்கட முறையை வைத்திருக்க விரும்பினால் அதைப் பதிவின்போதே வாய் திறந்து சொல்லுங்கோ.

தூத்துக்குடி_உப்பு:
அன்மெல்டுங் படிவத்தில் மதம் என்று ஒரு கட்டம் வரும். நம் ஊரில் எல்லாப் படிவத்திலும் கிறிஸ்தவர் என்று போட்டுப் பழகிய கை, அங்கேயும் ரோமன் கத்தோலிக்கம் என்று எழுதும். எழுதினால் சம்பளத்தில் திருச்சபை வரி பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள். வருமான வரியின் மேல் 9 சதவீதம், பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் 8. பிறகு வேண்டாமென்றால் முறைப்படி சபையை விட்டு விலக வேண்டும், அது வெறும் வரி விஷயம் அல்ல, கோயிலில் ஞானஸ்நானம் திருமணம் என்று வரும்போது கேட்பார்கள். வரி கொடுத்து இருப்பதில் தப்பில்லை, நான் கொடுக்கிறேன், இங்கே கோயில்காரர்கள் நடத்தும் பாலர் பள்ளியில்தான் என் பிள்ளைகள் படித்தார்கள். தெரிந்து எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன். இந்து, முஸ்லிம் நண்பர்களுக்கு அந்தக் கட்டத்தால் ஒன்றும் ஆகாது.

ஹலோகைஸ்_கோவை:
டிவியே இல்லாத எனக்கு ரேடியோ பில் வந்திருக்கு, இது ஏமாத்து வேலையா?

மாணவி_டார்ம்ஷ்டாட்:
இல்லை அண்ணா, நிஜம்தான். ருண்ட்ஃபுங்க் கட்டணம், அதாவது பொது வானொலி, டிவிக்கான கட்டணம், மாதம் 18.36 யூரோ, டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும். நீங்கள் பதிந்தவுடன் உங்கள் முகவரி அவர்களுக்குத் தானாகப் போய்விடும். ஆனால் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான். உடன் இருப்பவர் யாராவது ஏற்கெனவே கட்டினால் அவருடைய கட்டண எண்ணை வாங்கி எழுதி அனுப்புங்கள், உங்களை விட்டுவிடுவார்கள். பதில் போடாமல் குப்பையில் போட்டால் பாக்கி சேர்ந்துகொண்டே போய் ஜப்திக் கடிதம் வரும்.

நல்லூரான்:
கடிதம் என்றதும் ஒரு சொல். மஞ்சள் உறையில் வந்தால் உறையை எறியாதையுங்கோ. தபால்காரர் போட்ட தேதி உறையின் மேல்தான் இருக்கும், கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும். சாதாரண அரசுக் கடிதம் என்றால் அனுப்பிய நான்காம் நாள் கிடைத்ததாகக் கணக்கு, 2025 ஜனவரிக்கு முன் மூன்றாம் நாள் என்று இருந்தது. மறுப்புத் தெரிவிக்கப் பெரும்பாலும் ஒரு மாதம்தான். விளங்காவிட்டால் யாரிடமாவது காட்டி வாசியுங்கோ, லாச்சிக்குள் போட்டு வைக்காதையுங்கோ.

ரயில்பூச்சி:
விசா முடிய ஆறு வாரம்தான் இருக்கிறது, வெளிநாட்டவர் அலுவலகத்தில் டெர்மீன் நான்கு மாதம் கழித்துத் தந்திருக்கிறார்கள். இடையில் ஊருக்குப் போய்வர முடியுமா?

சித்ரா ஷ்டுட்கார்ட்:
விசா முடிவதற்கு முன் விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருந்தால், முடிவு வரும்வரை பழைய உரிமை அப்படியே தொடரும், வேலையும் செய்யலாம். அதைக் காகிதமாகக் காட்டத்தான் ஃபிக்சியோன்ஸ் சான்று. கையில் வந்ததும் உள்ளே எந்தப் பிரிவில் குறி போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வெளிநாட்டவர் தங்கும் உரிமைச் சட்டத்தின் 81ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு என்றால் வெளியே போய்த் திரும்பலாம், மூன்றாம் உட்பிரிவு என்றால் போய்விட்டால் அதை வைத்துத் திரும்ப முடியாது. டி விசாவில் (நீண்டகாலம் தங்குவதற்கான விசா) வந்து காலத்தில் விண்ணப்பித்தவர்களுக்கு நான்குதான் வர வேண்டும். சான்று கையில் இல்லாமல் டிக்கெட் எடுக்காதீர்கள், சென்னை விமான நிலைய கவுண்டரில் இருப்பவருக்கு மின்னஞ்சலைக் காட்டிப் புரியவைக்க முடியாது.

இன்னொன்று, 2025 மே முதல் காகிதப் போட்டோ கிடையாது. அலுவலகத்திலேயே எடுப்பார்கள், அல்லது அங்கீகாரம் பெற்ற ஸ்டுடியோ நேரடியாக அனுப்பும். ஊரிலிருந்து ஒரு கட்டுப் போட்டோ கொண்டுவருவது வீண்.

மூன்றாம்மாடி_அம்மா:
பிரசவத்துக்கு அம்மா வருவார்களே, அவர்களையும் பதிய வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். ஊரில் குடியிருப்பவர் இங்கே தங்கிப் போக வந்தால் மூன்று மாதம் வரை பதிவு தேவையில்லை, சுற்றிப்பார்க்க வருபவருக்கான ஷெங்கன் விசாவும் 90 நாள்தான்.

திருச்சி_மலைக்கோட்டை:
ஊரில் விட்டுவந்த காகிதங்களையும் யாரும் பேசவில்லையே. வேலைக்காக வெளிநாடு வந்துவிட்டால் ஊர் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கக் கூடாது, என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) கணக்காக மாற்ற வேண்டும். வங்கிக்குத் தெரிவிப்பது உங்கள் பொறுப்பு. வாக்காளர் பட்டியலில் வெளிநாடுவாழ் வாக்காளராகச் சேர 6ஏ படிவம், வேறு நாட்டுக் குடியுரிமை வாங்காதவரை உரிமை உண்டு. ஆனால் ஓட்டுப் போட ஊருக்கு நேரில் வர வேண்டும், அதனால் அதிகம் பேர் சேர்வதில்லை. ஊர் டிரைவிங் லைசென்ஸ் வைத்து இங்கே ஆறு மாதம்தான் வண்டி ஓட்டலாம், அதுவும் மொழிபெயர்ப்போடு. அதன்பின் எழுத்துத் தேர்வும் வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வும் முடித்துத்தான் ஆக வேண்டும். எழுத்துத் தேர்வு ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழ் இல்லை.

வேப்பமரத்தடி:
ஒரு தகவல். வீட்டுக்காரர் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார், நல்லூரான் ஐயா சொன்னபடி பெட்டியிலும் பெயர் ஒட்டியாகிவிட்டது, பாஸ்போர்ட்டில் உள்ள முழுப் பெயர். வியாழக்கிழமை டெர்மீன். ஏஜெண்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அவர் "ஜெர்மனிக்கும் நாங்கள் நிறையச் செய்து கொடுத்திருக்கிறோம் சார்" என்று இன்னும் மெசேஜ் போடுகிறார். பாஸ்போர்ட் விஷயத்தில் இன்னும் முடிவெடுக்கவில்லை, ஷ்டாண்டஸாம்ட் என்ன பதில் சொல்கிறது என்று பார்த்துவிட்டுச் செய்யலாம் என்றிருக்கிறேன். இரண்டு மாதத்தில் இந்த வீட்டை விட்டு வேறு ஊர் போனால் இங்கே பதிவை ரத்துசெய்ய வேண்டுமா?

கணக்குப்பிள்ளை:
ஜெர்மனிக்குள்ளேயே மாறினால் வேண்டாம், புது ஊரில் பதிந்தால் பழையது தானாக நீங்கும். திரும்ப அந்தக் கடிதம், திரும்ப இரண்டு வாரம். நாட்டை விட்டே போனால்தான் அப்மெல்டுங், அதாவது பதிவு நீக்கம், கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் இருந்து செய்யலாம். போகிறவர்கள் அதைச் செய்யாமல் போய்விடுகிறார்கள், அந்தச் சான்று இல்லாமல் ரேடியோ கட்டணத்தையும் காப்பீட்டையும் நிறுத்துவது பெரும்பாடு.